குடம் தர மறுத்த கொன்றையாள் பொருட்டுக் கருநாவல் நாடுகாவலர்க்கு விடுத்த ஓலை

வான் முறை தவறாது பெய்க. பெய்த வானைத் தாங்கக் கரைகள் உறுதியாய் நிற்க.

ஏழ்குன்ற நாட்டைத் தம் வெண்குடைக்கீழ் வைத்துப் புரந்தருளும் பெருங்கோமகள் வேய்நங்கையாரின் திருவாணையைத் தலைமேற்கொண்டு, மணிவாயில் மாநகரத்துப் பேரமைச்சன் சேந்தங்கொற்றன், கருநாவல் நாடுகாவலர் ஆதன் வெண்கோடர்க்கு விடுக்கும் ஓலை. நீரும் உமது மனையாரும் மக்களும் சுற்றமும் நலமே வாழ்க. உமது நாட்டுக் களங்களில் நெல் குவிக. தொழுவங்களில் கன்றுகள் பெருகுக. உமது வேழப்பேரேரி நிரம்புக. நிரம்பிய நீர் வயலுக்குள் போவதாகுக, வீட்டுக்குள் போகாதிருப்பதாகுக. வாழ்த்துரையில் இப்படியொரு வரியை நாம் இதுவரை எந்த நாட்டுக்கும் எழுதியதில்லை. உமக்கு ஏன் எழுத நேர்ந்தது என்பதைப் பொறுமையாகப் படித்தறிக.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. கரையடித் தெருவில் குயவர்குடிப் பெண் கொன்றையாள் என்பவள், ஏரித் தலைமைத் தேர்வுக்குரிய குடத்தைத் தர மறுத்து அவையைக் குலைத்தாள் என்றும், அது அரசுக்கு இழைத்த கேடு என்றும், பழைய விதிப்படி அவளை நாட்டெல்லைக்கு அப்பால் கடத்தக் கோமகளாரின் முத்திரை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அதனோடு, தலைமைக்குப் போட்டியிடும் எழில்நாகரின் ஓலையும் பூதமல்லரின் ஓலையும் வந்தன. அம்மம்மா, என்ன ஓலைகள்! எழில்நாகர் தம்மை மக்கள் கண்ணீர் துடைக்கும் கைக்குட்டை என்று எழுதுகிறார். பூதமல்லர் தம்மை ஏழைகள் குடிசையில் எரியும் விளக்கு என்று எழுதுகிறார். படித்து முடிப்பதற்குள் நமக்குத் தலை சுற்றிப்போய், சுக்குநீர் வாங்கிக் குடித்தோம்.

கோமகளார் மூன்று ஓலைகளையும் படிக்கக் கேட்டார். இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறார்களே, அந்தப் பெண் ஏன் குடம் தரவில்லை என்று இவர்களில் ஒருவராவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டருளினார். நாம் மறுபடியும் புரட்டிப் பார்த்தோம். ஒருவரும் எழுதவில்லை, நீரும் எழுதவில்லை. போய்ப் பார்த்து வருக என்று எம்மை ஏவினார். ஆகவே சிவிகையும் சின்னமும் இல்லாமல், ஒற்றை மாட்டுவண்டியில் வழிப்போக்கனைப் போல உமது ஊருக்கு வந்து போனோம். உமக்குச் சொல்லாமல் வந்ததற்காக வருந்துகிறோம் என்று எழுதுவது மரபு. வருந்தவில்லை. சொல்லிவிட்டு வந்திருந்தால் தோரணங்களைத் தவிர வேறொன்றையும் நாம் பார்த்திருக்க மாட்டோம்.

கேட்டும் கண்டும் அறிந்ததைக் கீழே எழுதுகிறோம். கொன்றையாள் பேசிய பேச்சை அவள் பேசியபடியே எழுதுமாறு எழுத்தருக்குச் சொல்லியிருக்கிறோம். திருத்தினால் நன்றாயிருக்கும் என்று அவர் முகம் சுளித்தார். திருத்தவேண்டா என்றோம்.

உமது நாட்டு வழக்கம் உமக்குத் தெரியும். ஆயினும் இவ்வோலை மணிவாயில் ஆவணக்களரியில் வைக்கப்படுமாதலால் பின்னர்ப் படிப்போருக்காகச் சொல்கிறோம். வேழப்பேரேரியையும் அதன் மதகுகளையும் பார்க்கும் தலைவர் மறைந்தால், ஓராண்டு துக்கம் காத்து, அதன்பின் வீட்டுக்கு ஓர் ஓலைநறுக்கு வீதம் குடத்தில் இடப்பெற்றுப் புதிய தலைவர் தேர்ந்தெடுக்கப்படுவார். அந்தக் குடம் ஏரியின் வண்டலெடுத்து, கரையடித் தெருக் குயவர் வீட்டில் வனையப்பட வேண்டும். வனைந்தவர் தம் மனம் ஒப்பித் தம் கையாலேயே அவையில் தரவேண்டும். பிடுங்கிய குடத்தில் இட்ட ஓலை செல்லாது. குடத்தைத் தொட்ட வீடு ஆதலால் அந்த வீட்டுக்கு மட்டும் ஓலைநறுக்குக் கிடையாது. கொன்றையாள் மாமனார் காலத்திலும் கணவன் காலத்திலும் அந்த வீடு யார் வெல்லவேண்டும் என்று சொன்னதே இல்லை. அவர்களிடம் யாரும் கேட்டதும் இல்லை.

பழைய தலைவர் மறைந்த கையோடு, போன ஐப்பசியில் ஏரிக்கரை உடைத்துக்கொண்டது. உடைப்புக்கு நேர் கீழே இருப்பது கரையடித் தெரு. கொன்றையாளின் கணவன் சாத்தன் பக்கத்து வீட்டுக் கிழவனைத் தூக்கி மேட்டில் விட்டுவிட்டு, அவன் ஆட்டை அவிழ்க்கத் திரும்பிப் போனவன் பிணமாகத்தான் கிடைத்தான். சாவு வீட்டுக்கு எழில்நாகரும் வந்தார், பூதமல்லரும் வந்தார். வந்தவர்கள் மாலை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். சுடுகாட்டில் ஒரு மேடேறி நின்று, இவ்வுடைப்புக்குப் பூதமல்லரின் பாட்டனார் காலத்துக் கவனக்குறைவே காரணம் என்று எழில்நாகர் உரையாற்றினார். எழில்நாகரின் தென்னந்தோப்புக்காகக் கரையை அரித்ததே காரணம் என்று பூதமல்லர் மறுமொழி ஆற்றினார். அதற்கு இவர் ஒரு மறுமொழி, இதற்கு அவர் ஒரு மறுமொழி. கொள்ளிச்சட்டியை வைத்துக்கொண்டு நின்ற சாத்தனின் தம்பி நின்றபடியே நிற்க, சட்டியில் நெருப்பு அணைந்துபோய், மறுபடி வீட்டுக்கு ஆளனுப்பி நெருப்புக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கொன்றையாள் அன்று அழுத அழுகையில் பாதி இந்த நெருப்புக்காகத்தான் என்று எம்மிடம் சொன்னாள்.

உடைப்பில் அப்போதைக்குப் பனந்துண்டுகளையும் வைக்கோலையும் மண்ணையும் போட்டு அடைத்தார்கள். கண்துடைப்பு வேலை என்று எல்லாருக்கும் தெரியும். கோடையில் நன்றாகக் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். கோடையும் வந்தது. எழில்நாகர் மலையடிவாரத்திலிருந்து நல்ல கருங்கல்லாக வண்டி வண்டியாய்க் கொண்டுவந்து கரையின் வடகோடியில் இறக்கினார். இறக்கியதும் குவியலின்மேல் தம் கொடியை நட்டார். மறுநாளே பூதமல்லரின் ஆட்கள் வந்து, தலைவர் இல்லாத காலத்தில் கரையைத் தொட ஒருவருக்கும் உரிமையில்லை என்று மறித்தார்கள். பிறகு பூதமல்லர் சும்மா இருந்தாரா? நல்ல சுண்ணாம்பாக மூட்டை மூட்டையாய்த் தருவித்துத் தென்கோடியில் கொட்டகை போட்டு வைத்து, அதன்மேல் தம் கொடியை நட்டார். எழில்நாகரின் ஆட்கள் வந்து அதே காரணத்தைச் சொல்லி மறித்தார்கள். இரு திறத்தாரும் உம்மிடம் வந்தார்கள். நீர் இருவருக்கும் தடையாணை எழுதிக் கொடுத்து, நடுநிலை காத்துவிட்டதாக மகிழ்ந்தீர். நடுநிலை என்பது இதுதான் என்றால், கரைக்கு மேற்கே இருக்கும் பாறையும் நடுநிலையோடுதான் கிடக்கிறது.

வடகோடியில் கல், தென்கோடியில் சுண்ணாம்பு, நடுவே உடைப்பு. இந்தக் காட்சியை நாம் கண்ணால் கண்டோம். கல்லுக்கு இரண்டு காவலாளிகள், சுண்ணாம்புக்கு இரண்டு காவலாளிகள். உடைப்புக்கு ஒருவரும் இல்லை.

மழைக்காலத்தில் கரையடித் தெருவார் மேட்டுத் தெருவில் இருக்கும் உறவினர் வீடுகளுக்குப் போய் அடங்கியிருப்பது பழைய பழக்கம். கொன்றையாளின் மகள் வள்ளைக்கு இது தலைப்பிரசவ மாதம். கணவன் பொதிமாட்டு வணிகரோடு வடக்கே போனவன், தை பிறந்துதான் திரும்புவான். பிள்ளைத்தாய்ச்சியை மேட்டில் கொண்டுபோய் வைக்கலாம் என்று கொன்றையாள் தன் அக்காள் வீட்டுக்குப் போனாள். அக்காள் வாசலில் பூதமல்லரின் கொடி பறந்தது. குடம் வனைபவளின் மகள் இங்கே வந்து தங்கினால் குடத்தில் ஏதோ சூது நடந்ததென்று எழில்நாகர் பக்கம் ஊரெல்லாம் தூற்றும், ஆகவே தேர்வு முடியட்டும் என்று அக்காள் புருஷன் கையைப் பிசைந்தான். நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அங்கே எழில்நாகரின் கொடி. அதே பேச்சைத் திருப்பிப் போட்டுச் சொன்னார்கள். மருத்துவச்சியாவது கீழே இறங்கி வருவாளா என்றால், அவள் மகன் ஒரு பக்கத்துக்குப் பறையடிக்கிறவன். மறு பக்கம் வீட்டுப்படி ஏறக் கூடாதென்று தடுத்துவிட்டான். கொன்றையாள் எந்தப் பக்கமும் இல்லை. அதனாலேயே இரண்டு பக்கத்துக்கும் அவள் மறு பக்கம் ஆகிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தவள் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஏரி இன்னும் நிறையவில்லை, முதல் மழைதான் பெய்திருந்தது. அதற்குள் சுவரில் கணுக்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. அன்றைக்குத்தான் சூளையிலிருந்து குடத்தை இறக்கியிருந்தாள். அழகான குடம் அது, நாமும் பார்த்தோம். அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். ஊரில் அவள் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

தேர்வு நாளில் பறைகொட்டி அழைத்துவரப் போனார்கள். அவள் வெறுந்தலையோடும் வெறுங்கையோடும் வெளியே வந்து முன்னால் நடந்தாள். பறையடிப்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கப்படி அடித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். அவைநடுவே வந்து நின்று முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குரல் தெளிவாகவே வந்தது.

"குடம் வனைஞ்சாச்சு, சுட்டும் ஆச்சு. வீட்டுலதான் இருக்கு. உடைப்பைக் கட்டுங்க. கட்டின அன்னிக்கு நானே தலையில வெச்சுக் கொண்டாந்து தரேன். அதுவரைக்கும் தரமாட்டேன்" என்றாள்.

வேறு மனிதர்கள் என்றால் அந்த இடத்திலேயே காரியம் முடிந்திருக்கும். எழில்நாகர் எழுந்தார். இந்த ஏழைத் தாயின் கண்ணீருக்குப் பூதமல்லர் பதில் சொல்லியாக வேண்டும் என்று கைநீட்டி முழங்கினார். அவள் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை, கோபம்தான் இருந்தது. பூதமல்லர் எழுந்தார். தோற்றுவிடுவோம் என்று அஞ்சித் தேர்வையே நிறுத்த ஒரு பேதைப் பெண்ணை ஏவிவிட்டது யார் என்பதை நாடறியும் என்று தோள்தட்டினார். தான் நின்றுகொண்டிருக்கும்போதே தன்னை வைத்து இரண்டு பேரும் பந்தாடினார்கள், தான் சொன்னது மட்டும் காற்றோடு போயிற்று என்று அவள் எம்மிடம் சொன்னாள்.

"ஐயா, ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. உங்க கல்லையும் அவர் சுண்ணாம்பையும் ஒண்ணா சேர்த்தாப் போதும். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றாள்.

அப்போது கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர், கட்டி முடித்தபின் கட்டியவர் யாரென்று சொல்லுவது என்று கேட்டார். அவ்வளவுதான். கல் இல்லாமல் சுண்ணாம்பு என்ன செய்யும் என்று ஒரு பக்கமும், சுண்ணாம்பு இல்லாமல் கல் எப்படி நிற்கும் என்று மறு பக்கமும் கூச்சலிட்டு, வேட்டி கிழியுமளவுக்குத் தள்ளுமுள்ளு ஆயிற்று. நீர் எழுந்து, தள்ளியவர்களை விட்டுவிட்டு, அசையாமல் நின்றவளைப் பிடித்து அடைக்கச் சொன்னீர். குடத்தைப் பிடுங்கிவரப் போன காவலரை மட்டும் பாதிவழியில் திருப்பி அழைத்தீர். அந்தமட்டும் விதி உமக்கு நினைவிருந்தது, நன்று.

பழைய நெற்களஞ்சியத்தின் ஓர் அறையில் அவளை வைத்தீர். அங்கே முதலில் வந்தவர் பூதமல்லர். இரண்டு மா நன்செய் தருவதாகவும், சாத்தனுக்குக் கல்லில் உருவம் எடுப்பதாகவும், தாம் கேட்டுக்கொண்டதால் மனமிரங்கிக் குடத்தைத் தந்ததாக அவள் அவையில் சொல்லவேண்டும் என்றும், வென்ற மறுநாள் தம் முதல் வேலை கரைகட்டுவதே என்றும் சொன்னார்.

"கெலிச்சப்புறம் கட்டறேன்னு நீங்களும் சொல்றீங்க, அவரும் சொல்றாரு. மழை உங்க கெலிப்புக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?" என்று கேட்டாள். அவர் தாம் சொல்லவந்ததை முதலிலிருந்து இன்னொருமுறை சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் எழில்நாகர் வந்தார். வந்து நின்று, அன்பிற்கினிய தாய்க்குலமே என்று உரக்கத் தொடங்கினார். அந்த அறையில் இருந்தது அவள் ஒருத்தி, வாசலில் ஒரு காவலாள்.

"இங்க யாரும் இல்லைங்க. மெதுவாப் பேசுங்க" என்றாள் கொன்றையாள்.

அவர் திகைத்துப்போனார். தொண்டை கட்டியிருந்தது, மாதக்கணக்காகக் கத்திய தொண்டை. அவள் தன் குடிநீர்ச் செம்பை எடுத்து நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார். அதன்பின் அவர் பேசியது மேடைப்பேச்சு இல்லை என்பதால் அதையும் அப்படியே எழுதச் சொன்னோம்.

"நெசமாவே கட்டத்தான் கல்லைக் கொண்டாந்தேன், கொன்றையா. சாத்தன் போனது எனக்கும் ஆறல. அப்புறம் மல்லன் ஆளுங்க மறிச்சாங்க, எனக்கு ரோசம் வந்திடுச்சு. இப்ப அவன்கிட்டப் போய்ச் சுண்ணாம்பு கேட்டா அவனாலதான் கட்டினேன்னு ஆயிடும். தோத்துட்டா என் ஆளுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லையாம். "பாவம் ஐயா நீங்க" என்றாள். "நீங்க தோத்தா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குவீங்க. கரை தோத்தா என் மக எங்க போவா?"

அவர் எழுந்து போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நாள் காலை கடைத்தெருவில் அதே பழைய முழக்கத்தை அதே தொண்டையோடு முழங்கினார் என்று கேட்டபோது எமக்கு மனம் ஆறவில்லை. கெட்டவர் என்றால் தண்டித்துவிட்டுப் போகலாம். இவர் நல்லவர்தான், வெல்லவேண்டும் என்ற ஒன்று மட்டும் அவருக்குள் புகுந்து மற்ற எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டது. பூதமல்லரையும் யாரேனும் தனியே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருந்தால் இதையே சொல்லியிருப்பார் போலும். நாமும் அரசியலில் நரைத்தவர் ஆதலால் இந்த நோய் எமக்குப் புதிதன்று. இருவர்மேலும் இரக்கம் வருகிறது. இரக்கம் வந்தாலும், மழை இரங்காது.

நாம் உமது ஊருக்கு வந்த அன்று முதலில் கரையடித் தெருவுக்குப் போனோம். வள்ளை நிறைவயிற்றோடு திண்டாடி எழுந்து, வழிப்போக்கன் என்றதற்கே மோர் கொடுத்தாள். பின்சுவரைக் காட்டச் சொன்னோம். கை வைத்தோம். ஈரம் முழங்காலுக்கு ஏறியிருந்தது, சுண்ணாம்புப் பூச்சு எம் விரலோடு பெயர்ந்து வந்தது. அங்கிருந்து களஞ்சியத்துக்குப் போனோம். உமது காவலாள் எம்மை இரு பக்கத்தில் ஏதோ ஒரு பக்கத்து ஆள் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டான்.

கொன்றையாளும் அப்படித்தான் நினைத்தாள். எம்மை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு பக்கம்? இல்ல, மூணாவதா நீங்களும் நிக்கிறீங்களா?" என்றாள். எம் வாழ்நாளில் எவரும் எம்மை இப்படிக் கேட்டதில்லை. அம்மையே, அரசின் செங்கோல் உன் துயரத்தை, என்று நாம் தொடங்கினோம். வாயைத் திறந்தால் எமக்கும் அதுதான் வருகிறது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பேச்சு வேண்டாம் ஐயா. என் மகளைப் பாத்தீங்களா? சுவரு எப்படி இருக்கு?"

முழங்கால் வரை ஈரம் என்றோம். அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காவலர் அவளைப் பிடித்து அடைத்த நாளில் அது கணுக்காலில் இருந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். அப்போதும் அவள் விடுதலை கேட்கவில்லை.

"எல்லை கடத்தணும்னா கடத்துங்க. புள்ளை பொறக்கிற வரைக்கும் பொறுத்துக்கிட்டுக் கடத்துங்க. இல்லாட்டி அவளையும் என்னோட சேர்த்து இன்னிக்கே கடத்திடுங்க ஐயா. எல்லைக்கு அந்தப் பக்கம் மேடு" என்றாள்.

நாடுகாவலரே, இந்தச் சொல்லை மணிவாயிலில் கோமகளார் முன்னே நாம் சொல்ல வேண்டியதாயிற்று. நம் நாட்டில் ஒரு பெண், நாடுகடத்தலை வரமாகக் கேட்கிறாள். அதைக் காட்டிலும் கோமகளாரின் குடைக்கு வேறென்ன இழுக்கு வேண்டும்? கோமகளார் இருக்கையிலிருந்து எழுந்து சாளரத்தருகே போய் நின்றார். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. திரும்பி வந்து, இனி எழுதுக என்றார். கீழ்வருவன கோமகளாரின் வாய்மொழி, ஓரெழுத்தும் எம்முடையதன்று.

குடத்தைத் தடுத்தவர் எல்லை கடத்தப்பட வேண்டும் என்னும் விதி பழையது, அதை மாற்றவில்லை. அவ்விதிப்படி கொன்றையாளைக் கரையடித் தெருவின் எல்லைக்கு அப்பால் கடத்துகிறோம். அவளும் அவள் மகளும், அத்தெருவில் வாழும் மற்றெல்லாக் குடிகளும், இவ்வோலை சேர்ந்த அன்றே மேட்டுத் தெருவில் எழில்நாகர் மாளிகையிலும் பூதமல்லர் மாளிகையிலும் குடியேற்றப்படுக. பிள்ளைத்தாய்ச்சியைப் பூதமல்லரின் சிவிகையில் ஏற்றி, எழில்நாகர் மாளிகையில் காற்றும் வெளிச்சமும் உள்ள அறையில் இறக்குக. மருத்துவச்சியை அழைத்துவந்து அவளருகே இருத்துக. அவள் மகன் தடுத்தால், அவன் பறையை வாங்கி வைத்துக்கொள்க.

ஒழிந்துபோன கரையடித் தெரு வீடுகளில் எழில்நாகர் தம் மனைமக்களோடும், பூதமல்லர் தம் மனைமக்களோடும் அன்றே குடியேறுக. கொன்றையாளின் வீட்டில் பின்சுவரை ஒட்டிய அறை உமக்கு, வெண்கோடரே. உமது கட்டிலை அங்கே போட்டுக்கொள்க. நடுநிலை தவறாதவர் ஆதலால் எழில்நாகருக்கும் பூதமல்லருக்கும் இடையில் உள்ள வீடு உமக்கே பொருந்தும். கரை கட்டி முடிந்து, கொன்றையாள் வந்து பார்த்துப் போதும் என்று சொல்லும் வரை மூவரும் அங்கேயே உறங்குக, அங்கேயே உண்க. தடையாணைகள் இரண்டும் இன்றோடு கழிந்தன. கல்லும் சுண்ணாம்பும் இனி ஏரிக்கு உரியவை. அவற்றின்மேல் உள்ள கொடிகளை இறக்கி, உடையவர்களிடம் மடித்துக் கொடுத்துவிடுக. குளிருக்குப் போர்த்திக்கொள்ள உதவும்.

கரையில் வேலை நடக்கும் நாளெல்லாம் அங்கே ஒருவரும் உரையாற்றலாகாது. கல்லெடு, சுண்ணாம்பு கொடு, தள்ளி நில், தண்ணீர் கொண்டுவா: இவை போன்ற சொற்களுக்குத் தடையில்லை. கட்டியவர் யாரென்று பின்னால் எவரேனும் கேட்டால், கரையடித் தெருவில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் என்று சொல்லுக. வெல்ல விரும்புவது குற்றமன்று. யாம் எவரையும் அதற்காகக் கடியவில்லை. இனி வரும் தேர்வுகளில் குடம் வனையும் வீட்டுக்கும் ஓர் ஓலைநறுக்கு உண்டு. அதை அவ்வீட்டார் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் அவர்கள் விருப்பம்.

இவ்வோலையைக் களஞ்சியத்தின் வாசலில், கொன்றையாள் முன்னிலையில், நீரே நின்று உரக்கப் படித்துக் காட்டுக. படித்து முடித்ததும் கதவைத் திறந்துவிடுக. பாராட்டியோ மன்னிப்புக் கேட்டோ நீர் ஒன்றும் பேசவேண்டா. அவள் கேட்கமாட்டாள், மகளைப் பார்க்க ஓடுவாள். வழிவிட்டு நின்றால் போதும்.

இங்ஙனம் கோமகளார் அருளியபடி எழுதுவித்தோம். ஏழ்குன்ற நாட்டு யானை முத்திரை அரக்கில் பதித்து, விரைந்து செல்லும் குதிரையாள் கையில் கொடுத்துவிட்டோம். குதிரையாள் திரும்பும் முன் உமது கட்டில் கரையடித் தெருவுக்கு இறங்கியதா என்பதைக் கண்ணால் பார்த்துவரும்படி அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். மூவரில் எவரேனும் ஆணையை மீறினால் கோமகளாரே நேரில் வந்து அவ்வீட்டில் தங்குவார். அந்த நிலை வராதிருக்கக் கடவீர். நலமே விளைக.

முத்திரை இட்டபின் கோமகளார் எம்மை மீண்டும் அழைத்து, இதை மட்டும் அடியில் சேர்க்கச் சொன்னார். வள்ளைக்குப் பிள்ளை பிறந்ததும், தாயும் சேயும் எப்படியிருக்கிறார்கள் என்று அன்றே எழுதியனுப்புக. தேர்வில் யார் வென்றார் என்பதை உமக்கு ஓய்ந்தபோது எழுதினால் போதும்.